தூங்காத கூட்டாளி

முத்தியால்பேட்டை
9 ஜூன் 2024

கிளாட்வின் தம்பிக்கு,

தோத்திரம். நீங்கள் ஆள் மூலம் கொடுத்தனுப்பிய காகிதங்கள் வந்தன. போனில் கூப்பிட்டதையும் பார்த்தேன். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. உங்கள் அண்ணனின் வருஷப் பூசை முடிந்து கோயில் வாசலில் நாம் பேசியதை நீங்கள் ஒரு விதமாகவும் நான் ஒரு விதமாகவும் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வாய்ப் பேச்சுக்குச் சாட்சி இல்லை. இனி எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும்.

அன்றைக்கு நீங்கள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அட்டைப் பெட்டியப் பத்தி உங்களுக்கு என்ன அண்ணி தெரியும், வீட்ல நிம்மதியா இருங்க" என்றீர்கள். அதற்குப் பிறகு நான் தட்டாஞ்சாவடிக் கம்பெனிப் பக்கம் வரவில்லை. இப்போது இந்தக் காகிதங்களைப் பார்த்தால் அந்த நிம்மதிக்கு ஏற்பாடு நடப்பது போலத் தெரிகிறது.

கம்பெனியை 'ரீஸ்ட்ரக்சரிங்' செய்யப் போவதாக எழுதியிருக்கிறது. நான் 'ஸ்லீப்பிங் பார்ட்னர்' என்று எழுதியிருக்கிறது. உங்கள் அண்ணன் மார்ட்டின் போன பிறகு நான் ஒரு ராத்திரி முழுதாகத் தூங்கியதில்லை. என்னைப் போய்த் தூங்கும் கூட்டாளி என்று எழுத எப்படி மனசு வந்தது?

சரிபாதி எனக்குச் சேர்ந்தது. இந்த வார்த்தைகளுக்கெல்லாம் அர்த்தம் தெரியாமல் நான் எதிலும் கையெழுத்துப் போடுவதாக இல்லை.

ரோசா

*

தட்டாஞ்சாவடி
13 ஜூன் 2024

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை 'நீ' என்றே கூப்பிட்டவர் 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைத்தான் கவனித்தேன். இருக்கட்டும்.

ஸ்லீப்பிங் பார்ட்னர் என்பது திட்டு இல்லை. முதல் போட்டுவிட்டு, அன்றாட வேலையில் தலையிடாமல் லாபத்தில் பங்கு வாங்குகிறவருக்கு அதுதான் பெயர். ரீஸ்ட்ரக்சரிங் என்றால் யார் எந்த வேலைக்குப் பொறுப்பு, யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதை மாற்றி அமைப்பது. நம் ஆலோசகர் நெடுமாறன் எல்லாவற்றையும் எனக்கு விளக்கிவிட்டார். சென்னையில் ஒரு பெரிய பேக்கேஜிங் கம்பெனி நம்முடன் சேர்ந்து தொழில் செய்ய முன்வந்திருக்கிறது. அவர்களுடைய மருந்துக் கம்பெனி ஆர்டரெல்லாம் நமக்கு வரும். அதற்கு 'ஸினர்ஜி' என்று பெயர். தனித்தனியாக இருந்து செய்வதைவிடச் சேர்ந்து செய்தால் கூடுதலாகக் கிடைக்கும் பலன்.

ஆனால் அவர்கள் ஒன்று கேட்கிறார்கள். 'யூனிட்டி ஆஃப் கமாண்ட்' இருக்க வேண்டும். வேலை செய்கிறவருக்கு உத்தரவு ஒரே இடத்திலிருந்து வர வேண்டும். இதை நான் உங்களுக்கு எதிராகக் கண்டுபிடிக்கவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் கேக் பெட்டி ஆர்டர் அவசரத்தில் அச்சு செக்ஷன் ஆட்களை நான் இருக்கச் சொல்லியிருந்தேன். நீங்கள் வந்து, மழையாக இருக்கிறது, வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டீர்கள். அச்சு செக்ஷன் சுலோசனா என்னிடம் கேட்டாள்: "நாங்க யாரு பேச்ச கேக்கறது சார், ரெண்டு பேருமே மொதலாளிங்கிறீங்க." லாரி பாதி லோடோடு போனது.

இந்த மாதத்துக்குள் கையெழுத்து வேண்டும். தாமதித்தால் அவர்கள் வில்லியனூரில் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

கிளாட்வின்

*

முத்தியால்பேட்டை
22 ஜூன் 2024

கிளாட்வின் தம்பிக்கு,

மழையில் அனுப்பியது என் தப்புதான். உங்களைக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அதற்குத் தண்டனை என்னை வாசலுக்கு வெளியே நிறுத்துவதா?

நம் மாடியில் குடியிருக்கும் இனியாவை உங்களுக்குத் தெரியும். காலாப்பட்டில் எம்.பி.ஏ. படிக்கிறாள். அவளிடம் உங்கள் வார்த்தைகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். யூனிட்டி ஆஃப் கமாண்டுக்கு நீங்கள் சொன்ன அர்த்தம் சரிதானாம். ஆனால் அவள் இன்னொன்றும் சொன்னாள். "அது வேலை செய்றவங்களுக்கு உத்தரவு ஒரே ஆள்கிட்டருந்து வரணும்கிறதுக்கு ஆன்ட்டி. பார்ட்னர் கேள்வி கேக்கக் கூடாதுன்னு அதுல எங்கயும் இல்ல."

அதனால் கேட்கிறேன். வியாழக்கிழமை தட்டாஞ்சாவடியில் மருந்து வாங்க வந்தபோது நம் கேட்டருகே ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். இரண்டு பேர் ஷெட்டின் நீளத்தை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் கூரையைப் போட்டோ எடுத்தார். யார் இவர்கள் என்று வாட்ச்மேனைக் கேட்டேன். "சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காரும்மா" என்றார். என் புருஷன் வேலைக்கு வைத்த வாட்ச்மேன் என்னிடம் சொல்லக் கூடாத விஷயம் அந்த ஷெட்டுக்குள் என்ன நடக்கிறது? விற்கிறீர்களா? "கம்பெனிய விக்கிறாங்களா?" என்று அவரிடமும் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ரோசா

*

தட்டாஞ்சாவடி
25 ஜூன் 2024

அண்ணிக்கு,

கேட் வரைக்கும் வந்தவர் உள்ளே வரவில்லை. என்னைக் கேட்காமல் வாட்ச்மேனைக் கேட்டீர்கள். அவர் தலை குனிந்தது பதில் தெரியாததால். நீங்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டீர்கள்.

அளந்தவர்கள் சென்னைக் கம்பெனி ஆட்கள். புது மெஷின் நிறுத்த இடம் போதுமா, எவ்வளவு உற்பத்தி செய்ய முடியும் என்று பார்க்க வந்தார்கள். சொல்லக் கூடாது என்று நான் சொன்னது, முடிவாகாத விஷயம் ஆட்களிடம் பரவக் கூடாது என்பதற்காக. இப்போது உங்களால் பரவிவிட்டது.

சந்தேகம் உங்களுக்கு மட்டும் சொந்தம் இல்லை. எனக்கும் ஒன்று இருக்கிறது. யூஜினின் கார் நம் வீட்டு வாசலில் நெடுநேரம் நின்றதாகக் கேள்விப்பட்டேன். சேதராப்பட்டில் அவரும் நம்மைப் போல அட்டைப் பெட்டிதான் போடுகிறார். நம் வாடிக்கையாளர் பலர் மேல் அவருக்கு ரொம்ப நாளாகக் கண். நம் கம்பெனியில் பாதிக்குச் சொந்தக்காரர், நமக்குப் போட்டியாக இருப்பவரை வீட்டில் உட்கார வைத்துப் பேசினால் அதற்கும் நிர்வாகத்தில் ஒரு வார்த்தை இருக்கிறது. 'கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்டரஸ்ட்.' இரண்டு பக்கத்து நலனும் ஒன்றோடொன்று மோதும் இடத்தில் ஒரே ஆள் நிற்பது. இனியாவிடம் அதற்கும் அர்த்தம் கேளுங்கள்.

என்ன பேசினீர்கள் யூஜினிடம்?

கிளாட்வின்

*

முத்தியால்பேட்டை
1 ஜூலை 2024

கிளாட்வினுக்கு,

யூஜின் தன் பெண்ணின் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார். உனக்கும் வைத்திருப்பார். காப்பி குடித்தார். எழுந்து போகும்போது, "உங்க பங்க விக்கிற யோசனை இருந்தா வெளிய போவாம எங்கிட்ட சொல்லுங்க ரோசாம்மா" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், உன் காகிதத்தைப் படித்த பிறகு எனக்கும் ஒரு கதவு திறந்திருக்கட்டும் என்று தோன்றியது. நீ கேட்டாய், சொல்லிவிட்டேன். இனி நான் கேட்பதற்கு நீ சொல்.

அந்தக் காகிதத்தில் 'குட்வில்' என்று ஓர் இடம் இருக்கிறது. அதற்கு எதிரே 'இல்லை' என்று போட்டிருக்கிறது. குட்வில் என்றால் நல்ல மனசு என்று நினைத்து முதலில் தாண்டிப் போய்விட்டேன். இனியாதான் நிறுத்தினாள். மெஷினையும் ஷெட்டையும் சரக்கையும் எடுத்துவிட்டுப் பார்த்தாலும் ஒரு கம்பெனிக்கு ஒரு மதிப்பு மிச்சம் இருக்குமாம். பக்கத்துக் கடைக்குப் போகாமல் ஏன் நம் கடைக்கு வருகிறார்கள் என்பதற்கான மதிப்பு.

கிளாட்வின், பேக்கரிக்காரர் பெட்டியில் பெயர் தப்பாக அச்சானபோது, அவர் பார்ப்பதற்கு முன்னாலேயே உன் அண்ணன் அத்தனையையும் கிழித்துப் போட்டு மறுபடி அடித்துக் கொடுத்தார். அப்போது நீயும் கூட நின்றாய். அந்தப் பேக்கரி இன்றைக்கும் நம்மிடம்தானே வாங்குகிறது? அண்ணன் செத்த பிறகும் வாங்குகிறதே. அது எப்படி 'இல்லை' ஆகும்? எழுதியது நெடுமாறனாக இருக்கலாம். படித்துவிட்டு அனுப்பியது நீ.

இன்னும் ஒன்று. நீ படித்தாயா? உன் கடிதங்களில் வருகிற விளக்கமெல்லாம் நெடுமாறன் பேசுகிற மாதிரியே இருக்கிறது. கோபப்படாதே. இந்த வார்த்தைகளை ஒரு நாள் ஒதுக்கி வைத்துவிட்டு அவரிடம் தமிழில் கேட்டுப் பார். ஓர் ஆளை வேலைக்கு எடுக்க யாரைக் கேட்க வேண்டும்? பெட்டிக்கு விலை வைப்பது யார்? ஒரு வாடிக்கையாளரை வேண்டாம் என்று சொல்வது யார்? கடைசியாக, கிளாட்வினை வேலையை விட்டு எடுக்க யாருக்கு அதிகாரம்? இந்த நாலுக்கும் பதில் வாங்கி வா. பிறகு கையெழுத்தைப் பற்றிப் பேசலாம்.

ரோசா

*

தட்டாஞ்சாவடி
16 ஜூலை 2024

அண்ணிக்கு,

உடனே எழுதாததற்குக் காரணம் கோபம். கடைசிக் கேள்வி என்னைக் குத்துவதற்காகவே எழுதப்பட்டது என்று நினைத்தேன். சொந்தக் கம்பெனியில் என்னை யார் எடுப்பது? அந்தக் கோபத்தோடுதான் நெடுமாறன் ஆபீசுக்குப் போனேன். உங்களுக்குப் பதில் எழுதி வாயை அடைக்க வேண்டும் என்று போனேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"சார், ஒரு ஆள வேலைக்கு எடுக்கணும்னா யார கேக்கணும்?" என்றேன்.

"ஹெச்.ஆர். எல்லாம் சென்னைல பாத்துக்குவாங்க சார். உங்களுக்கு அந்த டென்ஷனே இல்ல."

"விலை?"

"அதுவும் சென்னை. ஒரே விலை இருந்தாத்தான் ஸினர்ஜி."

"பேக்கரி, மிட்டாய்க் கடை, இந்தச் சின்ன ஆர்டருங்க?"

"அதெல்லாம் கோர் பிஸினஸ், முக்கியமான தொழில் கிடையாது சார். மெதுவா விட்டுடலாம்."

அப்புறம் உங்கள் நாலாவது கேள்வியைக் கேட்டேன். கேட்கும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. "என்னை வேலைய விட்டு எடுக்கணும்னா?"

அவர் சிரித்தார். "என்ன சார், அப்படியெல்லாம் நடக்காது. நீங்கதான ஆபரேஷன்ஸ் ஹெட்."

நடக்காது என்று சொன்னார், அண்ணி. முடியாது என்று சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. காகிதத்துக்கு அர்த்தமும் அப்போதுதான் புரிந்தது: சென்னைக்குப் பெரிய பங்கு, உங்களுக்குத் தூங்குகிற பங்கு, எனக்குச் சம்பளமும் ஒரு மேசையும். நீங்கள்தான் வெளியே போகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேருமே போகிறோம். நான் மட்டும் தினமும் வேலைக்கு வந்துகொண்டே போயிருப்பேன்.

நீங்கள் கேட்டது சரி. நான் முழுதாகப் படிக்கவில்லை. படித்தேன், புரியவில்லை, புரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. குட்வில்லைப் பற்றி மட்டும் காகிதம் தயாரானபோதே கேட்டேன்தான். "அது உங்க அண்ணன் பேரு சார், அவரோட போச்சு, உங்களுக்குன்னு ஒண்ணும் இல்ல" என்றார். என்னைப் பற்றி அப்படி ஒருவர் சொன்னால் சண்டை போட்டிருக்க வேண்டும். நான் நம்பிவிட்டேன். ஏற்கெனவே எனக்கு உள்ளே அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் நல்ல சேதி என்று நினைக்க வேண்டாம். கம்பெனியை விற்கிறார்கள் என்று ஷெட் முழுக்கப் பேச்சு. சுலோசனா இன்றைக்கு யூஜினிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அவளோடு அச்சு செக்ஷனில் இன்னும் இரண்டு பேர். மெஷின் நிற்கிறது. இந்தப் பேச்சை நான் மறைத்து வளர்த்தேன். நீங்கள் கேட்டில் நின்று கேட்டு வளர்த்தீர்கள். யார் அதிகம் என்று சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

கிளாட்வின்

*

முத்தியால்பேட்டை
4 ஆகஸ்ட் 2024

கிளாட்வினுக்கு,

சுலோசனா போன சேதியைப் படித்துவிட்டு முதலில் யூஜின் மேல்தான் சந்தேகப்பட்டேன். ஆள் பிடித்துப் போயிருப்பார் என்று. இனியாவிடம் பொரிந்து தள்ளினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஷேர்ஹோல்டர் வேற, ஸ்டேக்ஹோல்டர் வேற ஆன்ட்டி" என்றாள். பங்கு வைத்திருப்பவர் முதலாவது. ஒரு கம்பெனியில் என்ன நடந்தாலும் அதனால் பாதிக்கப்படுகிற எல்லாரும் இரண்டாவது. "நீங்க ரெண்டு பேரும் பங்கு வெச்சிருக்கறதால உங்களப் பத்தி மட்டுமே எழுதிக்கிறீங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. எல்லாக் கடிதத்தையும் அவளுக்குப் படித்துக் காட்டியது யார்? நான்தான்.

நேற்று சுலோசனா வீட்டுக்குப் போனேன். முதலியார்பேட்டையில் ஓட்டு வீடு. உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள், கண்ணைப் பார்க்கவில்லை. யூஜின் கூப்பிட்டாரா என்றேன்.

"யாரும் கூப்டல. நானாத்தான் போய்க் கேட்டன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"உங்ககிட்டயா? நீங்களே கேட்டாண்ட நின்னு வாட்ச்மேன கேக்கறீங்க. மொதலாளிக்கே தெரியலன்னா எனக்கு யாரு சொல்லுவா? எங்கப்பா மில்லு மூடனத கேட்டுல ஒட்டன பேப்பரப் பாத்துத்தான் தெரிஞ்சிக்கினாரு. டிபன் பாக்ஸ தூக்கிக்கினு போனவரு அப்படியே திரும்பி வந்தாரு. நான் அந்த மாதிரி ஒரு காலைல கேட்டாண்ட போயி நிக்க மாட்டன்."

விற்கவில்லை என்றேன். நம்பவில்லை. நம்பாதது சரி என்றுதான் எனக்கும் பட்டது. நான் உன்னை இத்தனை நாள் எப்படி நம்பவில்லையோ அதே மாதிரி.

கடைசியில் அவள் ஒன்று கேட்டாள். சம்பளத்தைப் பற்றி இல்லை. மாதம் ஒரு முறை எல்லாரையும் நிற்க வைத்து, என்ன ஆர்டர் வந்திருக்கிறது, என்ன போயிருக்கிறது, என்ன யோசிக்கிறோம் என்று முதலாளிகள் வாயால் சொல்ல வேண்டும். நல்லதோ கெட்டதோ. "அத செஞ்சா வரன். ஒரு மாசம் சொல்லலன்னாலும் போயிடுவன்." நான் சரி என்றுவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். மறுபடியும் மழை நாள் மாதிரி ஆகிவிட்டதே என்று ஆட்டோவில் வரும்போதுதான் உறைத்தது. உனக்குச் சம்மதம் இல்லை என்றால் நானே போய் அவளிடம் சொல்கிறேன்.

ரோசா

*

தட்டாஞ்சாவடி
19 செப்டம்பர் 2024

அண்ணிக்கு,

சுலோசனா கேட்டபடி போன மாதமும் இந்த மாதமும் கூட்டம் போட்டாயிற்று, அவளும் திரும்பி வந்துவிட்டாள். முதல் தடவை ஸ்டேக்ஹோல்டர் என்று ஆரம்பித்தேன், பின்னால் யாரோ சிரித்தார்கள். "சார், ஆர்டர் இருக்குதா இல்லியா, அத சொல்லுங்க" என்றாள் சுலோசனா. அந்த மாதம் ஆர்டர் குறைவு என்று சொன்னேன். உள்ளதைச் சொன்னால் ஆள் போய்விடும் என்று பயந்தேன். ஒருவரும் போகவில்லை. தீபாவளிக்கு மிட்டாய்ப் பெட்டி கேட்டுப் போகலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். போனேன், கிடைத்தது.

போன மாதம் நாம் எழுத்தில் பிரித்துக்கொண்டபடி உற்பத்தியும் விலையும் என்னிடம் இருக்கின்றன. ஆட்களும் வாடிக்கையாளரும் உங்கள் பொறுப்பு என்று எழுதினோம். நீங்கள் இன்னும் வரவில்லை. அதிகாரத்தை இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம், பதில் சொல்கிற கடமையை ஒப்படைக்க முடியாது என்று இனியா சொன்னதாக நீங்கள்தான் அப்போது எழுதினீர்கள். உங்கள் பாதிக்கும் நானே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. நெடுமாறன் மறுபடி வந்தார். ஆபீசில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். இந்தத் தடவை சென்னையைப் பற்றிப் பேசவில்லை. உங்கள் பங்கை நான் வாங்கிக்கொள்ள வழி செய்து தருவதாகவும், கடனுக்கு ஏற்பாடு பண்ணுவதாகவும் சொன்னார். "ஒரே ஆளா இருந்தா எவ்ளோ ஈஸி சார், அண்ணி இன்னும் வரவே இல்லியே" என்றார்.

நான் உடனே அவரை அனுப்பவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். டீ ஆறும் வரைக்கும் அதைப் பற்றி யோசித்தேன். தனியாக இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். நன்றாகத்தான் இருக்கும் போலத் தெரிந்தது. பிறகு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். ஏன் வேண்டாம் என்று அவர் கேட்டதற்குச் சரியான காரணம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வேறு யார் சொல்லியாவது உங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று எழுதினேன்.

கிளாட்வின்

*

முத்தியால்பேட்டை
21 செப்டம்பர் 2024

கிளாட்வினுக்கு,

நெடுமாறன் வந்தது எனக்கு உன் கடிதத்துக்கு முன்பே தெரியும். அவர் வந்த அன்று சாயங்காலமே சுலோசனா போன் செய்துவிட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு பேசினீர்கள் என்றும், அவர் சிரித்துக்கொண்டே போனார் என்றும் சொன்னாள். உன்னைக் கூப்பிட்டுக் கேட்கப் போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். நீயாகச் சொல்கிறாயா என்று பார்த்துக்கொண்டு இருந்தேன். சொல்லியிருக்காவிட்டால் என் பங்கைத் தருகிறேன் என்று யூஜினுக்குப் பதில் சொல்லியிருப்பேன். அதையும் நீ தெரிந்துகொள்.

டீ ஆறும் வரைக்கும் யோசித்ததை நீ எழுதாமல் விட்டிருக்கலாம். அது சுலோசனாவுக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது. அந்த வரியைப் படித்த பிறகுதான் மற்ற வரிகளை நம்பினேன்.

திங்கட்கிழமை காலையில் வருகிறேன். கேட்டைத் திறந்து வைக்கச் சொல்.

ரோசா